மீசை இல்லாத மெக்கானிக்

காரின் பானட்டைத் தூக்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்ஜின் மேல் மெல்லக் குனிந்து மூச்சை இழுப்பார். வண்டிக்காரர் வாயைத் திறந்தால் விரல் ஒன்று மேலே போகும். "பேசாதீங்க. அது பேசிட்டிருக்கு." பிறகு நிமிர்ந்து தீர்ப்புச் சொல்வார். கிளட்ச் கருகுகிறது, உள்ளே வயர் ஒன்று உருகுகிறது, எண்ணெய் எங்கோ கசிகிறது. கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். தெருவில் அவருக்கு மூக்கு மெக்கானிக் என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

அடக்கம் மட்டும் அவருடைய ஷெட்டில் கிடைக்காத உதிரிபாகம். "மூக்கு வாசல்ல புதர் மாதிரி முடியை வளர்த்தா மணம் எப்படி உள்ள வரும்?" என்று கேட்டு மீசையே வைக்காதவர். காலையில் முகம் முழுக்க மழித்த பிறகு மேலுதட்டை மட்டும் தனியாக இன்னொரு தடவை மழிப்பார். பேன்ட் முழுக்கக் கிரீஸ் அப்பியிருக்கும். மேலுதடு மட்டும் பளபளவென்று இருக்கும்.

போன வருடம் அந்த மூக்கைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடிப்பிடிக்க, அதே சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் துணி உலர்த்திய மனைவிதான் ஓடி வந்தார். கரிந்த பாத்திரத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "என்னங்க, நிஜமாவே தெரியலையா?" மனிதர் அழுதுவிட்டார். வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

மறுவாரமே மனைவி ஷெட்டுக்கு வர ஆரம்பித்தார். கணவர் குனிந்து மூச்சிழுக்கும்போது பக்கத்தில் துடைக்கும் துணியோடு நிற்பார். பெட்ரோல் வாடை என்றால் ஒரு இருமல். கருகல் என்றால் இரண்டு. எண்ணெய் என்றால் தொண்டையைச் செருமுவார். இருவருமாகச் சேர்ந்து தெருவையே ஏய்த்தார்கள். வாடிக்கையாளர் ஒருவர் பரிதாபப்பட்டு இருமல் மருந்தே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கி வைத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வது?

மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த அன்று பார்த்து அந்த வண்டி வந்தது. ஓட்டி வந்த பெண் ஒரு பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பவர். பழைய கார்தான், ஆனால் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டி.

"காலையில ஒரே சாவியில எடுக்குதுண்ணா. ஒரு வீட்ல வேலையை முடிச்சிட்டு வெளிய வந்தா எடுக்க மாட்டேங்குது. நல்லா ஆறினப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுக்குது. போன வாரம் முட்டி ஆபரேஷன் பண்ணின பேஷண்ட்டே இறங்கி வந்து தள்ளினாரு. ஐயோ தள்ளாதீங்கன்னு நான் கத்துறேன், கேட்டாத்தானே! பேட்டரி மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சு, ப்ளக் மாத்தியாச்சு. இன்னும் மாத்தாதது என்னை மட்டும்தான். நாளைக்கு ஒருத்தர் பழைய இரும்புக்கு எடுத்துட்டுப் போக வர்றாரு. உங்க மூக்கைப் பத்திச் சொன்னாங்க, அதான் கடைசியா வந்தேன்."

மெக்கானிக் தெருக்கோடியை எட்டிப் பார்த்தார். 'என் சம்சாரம் வரட்டும்' என்று எந்த மெக்கானிக்காவது சொல்வானா? இன்று தோற்றால் தெருவுக்குத் தெரிந்துவிடும். அதைவிட மோசம், அந்த இருமல் இல்லாவிட்டால் தான் ஒன்றுமே இல்லை என்பது தனக்கே தெரிந்துவிடும். அந்தப் பயத்தில்தான் அவர் ஒரு வருடமாகத் தனியாக எந்த பானட்டையும் திறக்கவில்லை.

"முதல்ல சூடேத்துவோம். மக்கர் பண்ணும்போதுதான் கையும் களவுமா பிடிக்கணும்" என்று சொல்லி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரைச் சுற்றிவரச் சொன்னார். திரும்பி வந்து நிறுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, சாவியைத் திருப்பினால் கிர்ர் கிர்ர் என்று சுற்றியதோடு சரி. "ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டுத் திருப்புங்க." வண்டி முனகியது, குலுங்கியது, சைலன்சரிலிருந்து கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு எடுத்தது.

மெக்கானிக்கின் கண்கள் விரிந்தன. "பெட்ரோல் வராம பட்டினின்னு நினைச்சு பம்ப்பை மாத்தியிருக்காங்க. இது பட்டினி இல்ல தங்கச்சி, அஜீரணம்!"

நின்றிருக்கும் நேரத்தில் எங்கிருந்தோ பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. காலைக் குளிரில் இன்ஜினுக்கே கூடுதல் பெட்ரோல் வேண்டும், அதனால் குறை வெளியே தெரிவதில்லை. சூட்டில் அதுவே மூச்சை அடைக்கிறது. சரி, எந்த வழியாக இறங்குகிறது? பெட்ரோலின் அழுத்தத்தைக் காக்கும் சிறிய தகர டப்பி ஒன்று உண்டு. ரெகுலேட்டர் என்பார்கள். அதன் தலையிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று இன்ஜினுக்குப் போகும். அதில் காற்றுதான் இருக்க வேண்டும். டப்பிக்குள்ளிருக்கும் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் வரும். வண்டியை அணைத்துவிட்டுக் குழாயை உருவினார். வாயோரம் காய்ந்துதான் கிடந்தது. மோந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்; மோப்பதற்குத்தான் மூக்கு இல்லை.

அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றார். வேறு வழியில்லாமல் மெக்கானிக் பழைய நாடகத்தையே ஆடினார்: கண்ணை மூடினார், குழாயின் வாயை மூக்கடியில் பிடித்தார், மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. வெறும் காற்று.

ஆனால் மேலுதடு ஜில்லென்றது.

கண்ணைத் திறந்தார். உதட்டைத் தொட்டால் ஈரம் இல்லை. குழாயைத் திருப்பி மணிக்கட்டின் உட்பக்கத்தில் தட்டினார். ஒரு சொட்டு விழுந்தது, குளிர்ந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. "தண்ணி இவ்வளவு சீக்கிரம் ஆவியா ஓடாது. எண்ணெய் ஓடவே ஓடாது. மாட்டிக்கிட்டான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்தார். அந்தப் பெண் குனிந்து குழாயை மோந்தார். "பெட்ரோல்தாண்ணா! என்ன மூக்கு உங்களுக்கு!"

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"மூக்கு போய் ஒரு வருஷம் ஆச்சும்மா. பால் கருகினாலும் தெரியாது. இது உதடு!" என்று எதிர்க்கடைக்காரர் காதிலும் விழும்படி சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கே அடக்க முடியாத சிரிப்பு வந்தது. ஒரு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது.

ஷெட்டின் பின்னால் அதே மாடலில் செத்துக் கிடந்த வண்டியிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றினார். துடைத்து, வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். நாக்கில் கவ்விக்கொண்டு நின்றது. சவ்வு நன்றாக இருக்கிறது. இன்ஜின் ஆறியதும் மாட்டினார். மறுபடி ஊர் சுற்றல், மறுபடி நிறுத்தல், மறுபடி காத்திருப்பு. சாவியைத் திருப்பியதும் எடுத்தது. "அணைச்சிட்டு இன்னொரு தடவை." எடுத்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை தங்கச்சி." வண்டியைச் சோதிப்பது எப்போதோ முடிந்துவிட்டது, இது காதுக்கு விருந்து. அந்தப் பெண் கைபேசியை எடுத்து, இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையோடு வந்தார். திறந்த பானட்டையும் சத்தம் கேட்டுக் கூடியிருந்த கூட்டத்தையும் பார்த்துப் பதறி, கணவரை ஒட்டி நின்று, உதடு அசையாமல் கேட்டார்: "இருமணுமா?"

அவர் பையை வாங்கிக் கீழே வைத்தார். காரின் கதவைத் திறந்து, தன் சட்டையின் சுத்தமான உட்பக்கத்தால் டிரைவர் சீட்டைத் துடைத்தார். வண்டி ஓட்டவே தெரியாத மனைவியை அதில் உட்காரவைத்து, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இரும வேணாம், திருப்பு."