சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டியவர்

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆவடி பக்கம் கோவில்பதாகையில் நடந்தது இது.

சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள், என் மனைவி கேட்டு முடித்துவிட்டாள். நான் கொஞ்சம் சேர்ப்பதற்குள் புதுக் காரின் விலை இன்னும் கொஞ்சம் ஏறிவிடும். "புதுசு வாங்கி ஷோரூம் வாசலைத் தாண்டுனாலே மதிப்பு இறங்கிடும், பழசு வாங்குறவன்தான் புத்திசாலி" என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திவிட்டு, என் மொத்தச் சேமிப்பையும் நம்பிக் கிளம்பினேன்.

காரை விற்கவிருந்தவர் என் வயதுப் பெண்மணி. கல்யாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்பவர். கணவர் ஆசையாக வாங்கிய பழைய காரை விற்று, தொழிலுக்கு வேன் வாங்கப்போவதாகச் சொன்னார். கார் பளபளவென்று நின்றது. பத்தரைக்கு ராகு காலம் வேறு! பேனட்டைத் திறந்து பார்க்க வேண்டிய நான், அதன்மேல் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டு அவசரமாக அட்வான்ஸை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "இன்னாங்க, ஒண்ணுமே பாக்காம துட்ட நீட்டுறீங்க?" என்றவர், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேறு. வெள்ளத்தில் மூழ்கிய கார்!

"எங்க ஊட்டுக்காரு தலைல இப்டித்தான் கட்னானுங்க. வாங்குனதுலேர்ந்து செலவு வெச்சிக்கினே கீது. நானும் சொல்லாம தள்ளி உட்றலாம்னுதான் இருந்தேன். நீங்க சந்தனம் வெக்கிறத பாத்ததும் மனசு கேக்கல."

நீட்டிய பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். "அப்ப உங்க வேன்?" என்று மட்டும் கேட்டேன்.

"அது என் பாடு. ராகு காலம் வர்றதுக்குள்ள பத்திரமா கெளம்புங்க" என்று சிரித்தார்.

அந்தக் காரை அவர் பிறகு, உள்ளதைச் சொல்லியே, உதிரி பாகங்களுக்காக அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாராம். கேட்டதும் என் கண் கலங்கிவிட்டது. வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு வேன் கிடைத்திருக்கும், நான் நடுத்தெருவில் நின்றிருப்பேன். தான் ஏமாந்த நஷ்டத்தை அடுத்தவர் தலையில் இறக்காமல் தன்னோடு நிறுத்திக்கொண்ட அந்தப் பெண்மணியைப் போல ஒரு நாளாவது நான் நடந்துகொள்வேனா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.