முட்டிக்குள் தயிர் ஊசி

இன்று திருப்பதியில், முட்டி டாக்டர் அறையில்...

நைனாவுக்கு வலது முட்டி தேய்ந்துவிட்டது. (இடதும்தான். அதை அவர் ஒப்புக்கொள்வதில்லை!)

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நைனா என்றால் அப்பா. அம்மா இல்லை. நைனா சித்தூர் பக்கத்து ஊரில் தனியாக இரண்டு மாடு வைத்துக்கொண்டு சென்டருக்குப் பால் ஊற்றுகிறார். நான் பெங்களூரில் லேப்டாப் தட்டுகிறேன். மாட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் தெலுங்கில் சொன்னார்.

"பெத்தாயனா, மோகால்லோ பெருகுதல ப்ரோட்டீன் இஞ்செக்‌ஷன் வேத்தாம்."

நைனா எழுந்தே விட்டார்!

"இன்னாது? பெருகா?"

'பெரியவரே, முட்டியில் வளர்ச்சி ப்ரோட்டீன் ஊசி போடலாம்' என்பதுதான் டாக்டர் சொன்னது. தெலுங்கில் பெருகுதல என்றால் வளர்ச்சி. பெருகு என்றால் தயிர். நைனாவின் தெலுங்கு பால் சென்டரில் கற்றது. அங்கே வளர்ச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"தயிர் துன்னா முட்டில வாயு சேரும்னாங்கோ. நாலு வருசமா தொடாம கீறேன் சார். நீங்க அத ஊசில ஏத்தறேன்றீங்க!"

டாக்டர் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது. பிறகு தமிழுக்கு மாறினார்.

"தயிர் இல்ல பெத்தாயனா. உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷின்ல சுத்தி, வளர்ச்சி ப்ரோட்டீன் இருக்கிற பாகத்தப் பிரிச்சு முட்டிக்குள்ள போடறோம். தேஞ்சது திரும்ப வளராது. வலி குறையலாம், தேயறது மெதுவாகலாம். எல்லாருக்கும் கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

(இப்படிப் பேசும் டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன்.)

"தயிர் தாராளமா சாப்பிடுங்க. ஆனா குந்திக்கினு மட்டும் ஒக்காரக் கூடாது."

"அப்போ பால் எப்டி சார் கறக்கறது?"

கேள்வி டாக்டருக்கு. பார்வை என் மேல்.

"அதான் நைனா, வித்துட்டு வான்னு சொல்லிக்கினே கீறேன்" என்று ஆரம்பித்தேன்.

டாக்டர் குறுக்கே வந்தார். "எதுக்கும்மா விக்கணும்? ஸ்டூல் போட்டு ஒக்காந்து கறக்கட்டும்."

என் கட்சி அங்கேயே டெபாசிட் இழந்தது!

ஊசி போட்டார்கள். நைனா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு மெஸ்ஸுக்குப் போனோம். சாம்பார், ரசம் எதையும் தொடாமல் நேராகத் தயிருக்குப் போய்விட்டார். மூன்று கப்.

"இவ்ளோ ஆசைய வச்சிக்கினு நாலு வருசம் எப்டி நைனா இருந்த? வலிக்குதுன்னு எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"சொன்னா மாட்ட வித்துட்டு கூட்டிக்கினு பூடுவ. அங்க நீ ஆபீசுக்குப் பூடுவ. நான் கதவப் பாத்துக்கினு ஒக்காந்துனு கெடக்கணும். அதுக்கு தயிர் இல்லாமலே துன்னலாம்னு இருந்துட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது.

போன வாரம் இதே பக்கத்தில் 'கறவை மாடு இரண்டு விற்பனைக்கு' என்று போட்டோவோடு ஒரு பதிவு போட்டிருந்தேன். நைனாவுக்குத் தெரியாமல்.

அதை எடுத்துவிட்டேன். இன்பாக்ஸில் விலை கேட்டவர்கள் மன்னிக்கவும்.

சித்தூரில் பால் கறக்க உட்காரும்படி உறுதியான ஸ்டூல் எங்கே கிடைக்கும்? மாடு உதைத்தாலும் சாயாததாக இருக்க வேண்டும்!