நான் மூட்டிய அடுப்பு

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், யூதர்களின் விருந்துகளுக்குச் சமைக்கும் இடமொன்றில் வேலை செய்தேன். நாங்கள் வெட்டலாம், கழுவலாம், கிண்டலாம். அடுப்பு மூட்டுவதும் கிடாரத்தை அதில் ஏற்றுவதும் மட்டும் அவர்களின் உணவு விதிகளைக் கண்காணிக்க வரும் தாடிக்காரரின் வேலை. தங்களில் ஒருவர் மூட்டாத நெருப்பில் வெந்ததை அவர்கள் உண்ணமாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். எதுவானாலும் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பேன். அவரிடமும் கேட்டேன். "பன்றி வேண்டாமென்றது கடவுள். இது எங்கள் முன்னோர் போட்ட வேலி," என்றார், மறைக்காமல்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் கீழ் அறைக்குப் போயிருந்தார். கதவால் வந்த காற்றில் உருளைக்கிழங்கு வைத்திருந்த அடுப்பு அணைந்தது. காஸ் மணந்தது. கை தானாகவே லைட்டரை எடுத்து மூட்டிவிட்டது. நீலச் சுவாலையைக் கண்ட பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த, என்னோடு வேலை செய்யும் அண்ணை பார்த்துவிட்டார்.

"வாயைப் பொத்திக்கொண்டு நில். நெருப்புக்கு என்ன சாதியே?"

"தெரிஞ்சால், அண்ணை?"

"தெரிஞ்சால் முதலாளி உன்ர கடிதத்திலை கையெழுத்து வைப்பானே? செவ்வாய்க்கிழமை பிரெஃபெக்சருக்கு வெறுங்கையோடைதான் போவாய்."

முதலாளி கையெழுத்திட்ட வேலைக் கடிதம் இல்லாமல் பிரெஃபெக்சர் அலுவலகத்தில் என் விசா புதுப்பிக்கப்படாது. கடவுள் சொல்லாததை மீறினால் குற்றமா என்று படித்த மூளை வாதாடியது. ஆனால் சித்தப்பா இறந்தபோது முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு என்று இங்குள்ள கோயில் வாசலை நான் மிதிக்கவில்லை. அதைச் சொன்னது எந்தக் கடவுள்?

தாடிக்காரர் மேலே வந்ததும் சொல்லிவிட்டேன். என் பிரெஞ்சு நடுங்கியது. அவர் கோபிக்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "அணைந்தபோது கிழங்கு பாதியாவது வெந்திருந்ததா? நான் மூட்டிய நெருப்பிலேயே வெந்திருந்தால் பரவாயில்லை."

அணைவதற்குச் சற்று முன்னர்தான் கத்தியால் குத்திப் பார்த்திருந்தேன். நுனிகூட இறங்கவில்லை.

"ஓம் எண்டு சொல்லு," என்றார் அண்ணை தமிழில், தலை நிமிராமல்.

"இல்லை, வேகவில்லை," என்றேன்.

தாடிக்காரர் அடுப்பை நிறுத்தினார். கிடாரம் முழுவதையும் குப்பையில் கவிழ்த்தார். பிறகு தொலைபேசியோடு வெளியே போனார். அண்ணை புதிய கிழங்கு மூட்டையை என் காலடியில் போட்டார்.

"உரி, அரிச்சந்திரா."

உரித்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பேசிக்கொண்டிருந்தவர் இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். முதலாளியோடுதான் பேசுகிறார் என்று தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை.

கையெழுத்திட்ட கடிதம் திங்கட்கிழமை மாலைதான் கைக்கு வந்தது. அதுவரை, யாரும் சொல்லாமலே, கார்ஜ் புறநகரில் என் அறை அடுப்பைக்கூட நான் மூட்டவில்லை. கடையில் வாங்கிய பாண் துண்டும் வாழைப்பழமும்தான் சாப்பாடு.