ஹோலுக்கு ஒரு பச்சை

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குப் புத்தி கெட்டுப்போனால், அவர் செய்யும் முதல் காரியம் வாட்ஸ்அப் குழுவில் அபிப்பிராயம் கேட்பது. நானும் கேட்டேன். வெள்ளவத்தையில் நான் இருக்கும் வீட்டின் ஹோலுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று.

அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை அது. எதுவானாலும் திவசம் முடியட்டும் என்று ஒரு வருடமாகச் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. கடற்காற்று யாருடைய திவசத்துக்கும் காத்திருப்பதில்லையே. ஜன்னல் பக்கச் சுவர் முழுக்க உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. கனடாவிலிருந்து அக்காவே போன் எடுத்துச் சொன்னாள்: "திவசமும் முடிஞ்சுது. இனி வீட்டுக்குப் பெயின்ட் அடி பிள்ளை. செலவைப் பற்றி யோசியாத." அன்று அக்காமேல் எனக்கு வந்த பாசத்தை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

வீடு அக்காவுடையது. அம்மாவுக்கென்று வாங்கியது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நானும் கணவரும் கூட வந்திருந்தோம். அதற்கு முன்னர் கொட்டாஞ்சேனையிலும் கிருலப்பனையிலும் வாடகை வீடுகள். ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சள், இன்னொன்றில் இன்ன நிறமென்று சொல்லவே முடியாத ஏதோ ஒன்று. வீட்டுக்காரர் அடித்ததுதான் நிறம். இந்த வயதுவரை உனக்கு என்ன நிறம் வேண்டும் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு வேண்டிய நிறம் எனக்குத் தெரியும். கிருலப்பனையில் ஒரு பல் டொக்டரிடம் போனபோது, காத்திருக்கும் அறையில் அதைக் கண்டேன். பச்சைதான், ஆனால் கத்தாத பச்சை. இலைக்கஞ்சியில் தேங்காய்ப்பால் கூடிப்போனால் ஒரு நிறம் வருமே, அது. பல்வலியோடு அங்கே நெடுநேரம் இருந்தேன். ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் உள்ளே போன பெண்ணைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

அந்தச் சுவரைப் படமெடுத்துத்தான் குழுவில் போட்டேன். லண்டனிலிருந்து அண்ணா, பாசி பிடித்த மாதிரி இருக்கிறது என்று எழுதினார். மெல்பேணிலிருந்து மச்சாள், இது சாம்பல் நிறமெல்லோ, பச்சை எங்கே என்று கேட்டாள். ஒவ்வொருவரின் போனிலும் ஒவ்வொரு பச்சை. சித்தப்பா நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், காலை வணக்கம் என்று எழுதிய ரோசாப்பூப் படம் ஒன்றை அனுப்பினார். உள்ளதில் அவர்தான் நல்ல மனிதர்.

வீட்டுக்குள்ளும் நிம்மதியில்லை. கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "இஞ்சரும், பச்சை அடிச்சால் பச்சைக் கட்சிக்காரர் எண்டு நினைப்பினம். எலெக்‌ஷன் வந்தால் கரைச்சல்."

"எங்கட ஹோலுக்குள்ள ஆர் வந்து பாக்கிறது?"

"ஜன்னல் திறந்து கிடந்தால் ரோட்டால போறவைக்குத் தெரியும்தானே."

நாங்கள் இருந்தது நாலாம் மாடியில். காகத்துக்குத்தான் தெரியும். தான் போட்டிருக்கும் சேர்ட் என்ன நிறமென்று குனிந்து பார்த்துச் சொல்லும் மனிதர் இவர். இவருக்கும் என் சுவரைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது.

அக்காவோ ஒரே பிடியாக நின்றாள். "ஓஃப் வைட் அடி." காரணம் மட்டும் நாளுக்கு நாள் மாறியது. முதலில், பச்சை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். பிறகு, ஹோல் இருட்டாகிவிடும். அதற்கும் நான் மசியவில்லை என்றதும், பச்சை வெக்கையாம். பனிக்குள் இருந்துகொண்டு வெள்ளவத்தை வெக்கையைப் பற்றி எனக்குப் படிப்பித்தாள். ஓஃப் வைட் அடித்தால் அந்த உப்புக் காற்றில் எத்தனை நாளைக்கு அது வைட்டாக இருக்கும் என்று கேட்டேன். "கொஞ்ச நாளைக்கு இருந்தால் காணும்" என்றாள். அந்தப் பதிலில் நான் அன்றைக்கே தடுக்கி விழுந்திருக்க வேண்டும். கோபத்தில் காதில் விழவில்லை.

விசர் வந்து காலி வீதிப் பெயின்ட் கடைக்குப் போனேன். அங்கே கைவிட்ட இடத்திலெல்லாம் பச்சை நிற மாதிரி அட்டைகள் வந்துகொண்டே இருக்கும் போலிருந்தது. கடைக்காரர் எடுத்துக் காட்டிய முதல் பச்சை கிளி, இரண்டாவது பழுக்காத மாங்காய். ஒவ்வொரு அட்டையையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் பொறுமை இழந்தார், நான் அதற்கு முன்னரே இழந்திருந்தேன். கடைசியில் அது கிடைத்தது. பல் டொக்டரின் சுவரேதான்.

"மேடம், மெசின்ல போட்டுக் கலந்தா பொறகு திருப்பி எடுக்க ஏலா. வூட்டுல ஒருக்கா கேட்டுட்டு வாங்களே."

"வீட்டில நான்தான். கலவுங்கோ."

மெசின் தடதடவென்று ஆடி நின்றது. மூடியில் ஒரு சொட்டு வைத்து, பக்கத்தில் நிறத்தின் நம்பரைக் கறுப்புப் பேனாவால் எழுதித் தந்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், த்ரீவீலரில் அந்த டின்களைக் காலடியில் வைத்துக்கொண்டு வரும்போது எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் காலை அக்கா வீடியோவில் வந்தாள். எனக்குப் பின்னால் டின்களைக் கண்டுவிட்டாள்.

"அதென்ன?"

"பச்சை."

"நான் இவ்வளவு சொல்லியும் உனக்கு விளங்கேல்லையோ?"

"அக்கா, இஞ்ச இருக்கிறது நான். விடிஞ்சால் பொழுதுபட்டால் இந்தச் சுவரைப் பாக்கப்போறது நான். உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை?"

அவள் வேறு குரலில் சொன்னாள்: "போட்டோ எடுக்கோணும் பிள்ளை. வெள்ளை எண்டால்தான் வீடு கெதியா விலைப்படும் எண்டு புரோக்கர் சொன்னவர். அம்மாவும் இல்லை. இனி அதை வைச்சு என்ன செய்யிறது? உனக்குச் சொல்லத்தான் இருந்தனான்."

"அண்ணாவுக்குத் தெரியுமோ?"

"ஓம். எல்லாருக்கும் தெரியும்."

பாசி என்றவருக்கும் தெரியும். சாம்பல் என்றவளுக்கும் தெரியும். எல்லாருமாகச் சேர்ந்து என்னோடு பச்சையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் உண்மையாகவே பெயின்டைப் பற்றிக் கதைத்தவள்.

அழுதேன். கோபத்தில் என்று கணவரிடம் சொன்னேன், அது பாதி உண்மை. அம்மாவைக் குளிக்க வார்த்து, சோறு தீத்தி, இரவிரவாக முதுகு தடவிய வீடு. அம்மா போனதோடு என் வேலையும் முடிந்தது என்று அவர்கள் எண்ணிவிட்டதுதான் தாங்கவில்லை. கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "உமக்கு விருப்பமானதையே அடியும்" என்றார்.

"அப்ப கட்சி?"

"கட்சி கிடக்கட்டும்."

பெயின்ட் அடிக்கிற பாஸ் வந்து, எந்தச் சுவருக்கு என்று சிங்களத்தில் கேட்டார். எல்லாச் சுவருக்கும் என்றேன். கலந்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்களே. அது எனக்கு ஒரு சாட்டாகவும் இருந்தது. அடித்து முடித்து, "லஸ்ஸனாய் நோனா" என்றார். வடிவாகத்தான் இருந்தது. பின்னேரங்களில் தேத்தண்ணியோடு அந்த ஹோலில் இருந்தேன். கீழே ரயில் போகும், கடல் வெளிச்சம் சுவரில் வந்து விழும். பல் டொக்டரிடம் இருந்ததுபோலவே இருந்தேன். ஒருவர்மேலும் கோபம் வரவில்லை. வந்தது, ஆனால் நிற்கவில்லை.

பச்சைச் சுவரைக் கண்டால் ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்று மனதுக்குள் ஒரு ஆசை இருந்தது. அக்கா சொன்னது சரியாகிவிட வேண்டும் என்று வாழ்க்கையில் முதற்தடவையாக நேர்ந்துகொண்டேன்.

புரோக்கர் முதலில் கூட்டிவந்தது புதிதாகக் கல்யாணம் கட்டிய ஒரு சோடியை. அந்தப் பெண் ஹோலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். "உள்ளுக்கு வந்ததும் மனசு ஆறுது, என்ன? நாங்கள் பெயின்ட் அடிக்கவே தேவையில்லை" என்றாள் கணவனிடம். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து, "அன்ரி, இந்தக் கலர் ஆர் தெரிஞ்செடுத்தது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். வேறென்ன சொல்வது?

"உன்ர பச்சைதான் வித்துத் தந்தது" என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். அவள் நக்கலடிக்கவில்லை, பாராட்டினாள். அதுதான் கொடுமை.

இப்போது மறுபடி கொட்டாஞ்சேனை. சுவரெல்லாம் ரோசா நிறம். பெயின்டில் கைவைக்கக் கூடாது என்று திறப்பைத் தரும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மிச்சப் பச்சை அரை டின் இருந்தது, அதையும் தூக்கிக்கொண்டு வந்தேன். எதற்கென்று கணவர் கேட்கவில்லை.

போன கிழமை அக்கா போன் எடுத்தாள். அங்கே அவர்களின் வீட்டு ஹோலுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்களாம். "அந்தப் பச்சையின்ர நம்பர் என்ன பிள்ளை? எனக்கு அந்தக் கலர் நல்லாப் பிடிச்சுது."

தெரியாது என்று சொன்னேன். டின் என் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது, மூடியில் நம்பர் பெரிதாக எழுதியிருக்கிறது.