நெற்றியில் பூச மறுத்த பிள்ளை

இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்கு முன் என் ஆறு வயது மகள் யாழினி கைகளைக் கோத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, கடைசியில் ‘ஆமென்’ என்றாள். வட இங்கிலாந்தில் நாங்கள் குடியேறிய சின்ன ஊரின் அரசுப் பள்ளியில் அவளைச் சேர்த்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முதலில் சிரித்துவிட்டேன். ராத்திரிச் சோற்றுக்கும் அதையே செய்தபோது சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டில் அரசுப் பள்ளியிலும் காலைக் கூட்டத்தில் கடவுள் வணக்கம் உண்டு, அது பெரும்பாலும் கிறிஸ்தவ வணக்கம்தான் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். நடுவயது வெள்ளைக்காரப் பெண்மணி. நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “நீங்கள் விரும்பினால் அவளை வித்ட்ரா செய்துகொள்ளலாம்” என்றார். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘எடுத்துக்கொள்வது’ என்றுதான் எனக்கு அர்த்தம் தெரியும். எங்கள் பக்கத்தில் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னால், டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பப் போகிறார் என்று பொருள். “வேண்டாம் மேடம், அவள் ஜெபம் சொல்லட்டும், நான் கேட்டதே தப்பு” என்று கெஞ்சினேன். அவர் பதறிப்போய் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பள்ளியிலிருந்து இல்லை, அந்த வணக்க நேரத்திலிருந்து மட்டும் விலக்கிக்கொள்ளலாம் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, “அந்த நேரத்தில் அவள் என்ன செய்தால் உங்கள் மனசுக்கு நிறைவாக இருக்கும்?” என்று கேட்டார். நூலகத்தில் உட்கார்ந்து படம் வரையட்டும் என்று முடிவானது. அவ்வளவுதான். அவர் ஊரைக் கூட்டவில்லை, யார் பக்கம் எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. சந்தோஷத்தில் ஊருக்கு ஃபோன் போட்டுத் தம்பி முருகேசனிடம் சொன்னேன். “விட்டுக்குடுக்காதக்கா. நம்ம பிள்ளைக்கு எதுக்கு அவுக சாமி?” என்றான்.

இந்த வருஷம் லீவுக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் படித்த அரசுத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு இப்போது தம்பி மனைவி கவிதாதான் தலைவி. தலைவி அவள் என்றாலும் பேசுவதெல்லாம் தம்பிதான். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் பிள்ளையார் படம் வைத்துப் பாட்டுப் பாடி, எல்லாப் பிள்ளைகள் நெற்றியிலும் திருநீறு பூச வேண்டும் என்று அவன்தான் புதிதாக ஆரம்பித்திருந்தான். நான் போயிருந்த வாரம், நாலாம் வகுப்புப் படிக்கும் அஃப்ரின் என்ற பெண் பிள்ளை, பூசிய திருநீற்றைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். சாமியை அவமதித்துவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பி, பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

அஃப்ரினின் அம்மா மும்தாஜ், பஸ் ஸ்டாப்பில் தையல் கடை வைத்திருப்பவள். எழுந்து நின்று, “பூசை வேணாம்னு நான் சொல்லலண்ணே. நீங்க நல்லாக் கும்பிடுங்க. எம்பிள்ளைக்குப் பூச வேணாம்னுதான் கேக்குறேன்” என்றாள்.

“எல்லாருக்கும் ஒரு சட்டம், ஒம்பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமா?” என்றான் தம்பி. “ஒத்து வரலையின்னா டி.சி. வாங்கிட்டுப் போ.”

அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் அன்று நானும் கெஞ்சியிருந்தேன். அவளைக் கெஞ்ச வைத்துவிடுவார்களோ என்று பயந்து எழுந்துவிட்டேன். இங்கிலாந்தில் எனக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாரும் அமைதியாகத்தான் கேட்டார்கள். நான் முடித்ததும் பின்னால் இருந்து ஒருவர், “கேட்டீகளா? நம்ம பிள்ளைய அங்க என்ன பாடு படுத்திருக்காய்ங்க! இங்க நாம எதுக்கு விட்டுக்குடுக்கணும்?” என்றார். கை தட்டினார்கள். “நான் சொன்னது அது இல்லீங்க” என்றது எவர் காதிலும் விழவில்லை. “அக்காவே சொல்லிருச்சு. எல்லாப் பிள்ளைக்கும் பூசணும், சம்மதம்னா கையத் தூக்குங்க” என்றான் தம்பி. கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. மும்தாஜ் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

சாயங்காலம் அவள் கடைக்குப் போனேன். தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், “நீங்க நல்லது நெனச்சுத்தான் பேசுனீக, எனக்குத் தெரியும்” என்றாள். “ஆனா இனிமே எனக்காகப் பேசாதீகக்கா. நீங்க பிளேன் ஏறிப் போயிருவீக. நான் இங்குட்டுத்தான் கடை வச்சுப் பொழைக்கணும்.” அந்நிய நாட்டில் ஒரு மரியாதை எனக்குக் கேட்டதும் கிடைத்தது. அதே மரியாதையை எங்கள் பள்ளிக்கூடத்தில் இவள் கேட்டு நின்றாள். கொடுக்க மறுத்தவர்கள் என் ஆட்கள். மறுப்பதற்கு என் கதையையே எடுத்துக்கொண்டார்கள். திரும்பும் வழியில் எதிரே வந்தவர்கள் என்னைப் பாராட்டியதைத்தான் தாங்க முடியவில்லை.

கூட்டத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் தலைமையாசிரியை சந்திரா. மறுநாள் அவர் கவிதாவையும் மும்தாஜையும் மட்டும் வரச்சொல்லி வகுப்பறையில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அடுப்படியில் கவிதா மெதுவாகச் சொன்னாள்: “‘கை தூக்குன அத்தன பேருல, இந்த முடிவால கஷ்டப்படப் போறது யாரு?’ன்னு டீச்சர் கேட்டாக மதினி. ஒருத்தரும் இல்ல. கஷ்டம் பூரா தூக்காத ஒருத்திக்குத்தான். தீர்மானத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். தலைவி கையெழுத்து இல்லாம அது செல்லாதாம்.”

“தம்பி என்ன சொன்னான்?”

“என்ன சொல்வாக? நேத்துல இருந்து எங்கூடப் பேசல.”

எத்தனை கைகள் என்று எண்ணுவதைவிட, நோவு யாருக்கு என்று கேட்பதே வழக்கைத் தீர்க்கும் வழி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வெளிநாடு போய் நான் பார்த்து வந்த நியாயம், எங்கள் ஊர் வகுப்பறையிலேயே இருந்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். திருநீற்றுத் தட்டு ஒரு பெஞ்சின் மேல் இருந்தது. விருப்பமுள்ள பிள்ளைகள் எடுத்துப் பூசிக்கொண்டார்கள். அஃப்ரின் நேரே வகுப்புக்குப் போனாள். இரண்டு பிள்ளைகள் அவளைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். அதைத் தீர்க்கிற கூட்டத்தை யார் கூட்டுவது?

கிளம்பும் நாளில் தம்பிதான் கல்லல் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டான். பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு இறங்கியவன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த தடவ வந்தா விருந்தாளியா வந்துட்டுப் போக்கா. ஊர் விசயத்துல தலையிடாத” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரயில் நகர்ந்ததும் கையசைத்தான். நானும் அசைத்தேன்.

இங்கிலாந்து விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி சிரித்த முகத்துடன், “சொந்த ஊருக்குப் போய் வந்தீர்களா?” என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டதுதான்.

“சொந்தக்காரர்கள் வீட்டுக்கு” என்றேன்.