மகன் போன பின் சுரந்த பால்

பிரியமானவர்களே, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் நான் முதலில் கேட்டதை அவர் கொடுக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊர். ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொல்லிப் புது ஆட்சி வந்திருந்த நேரம். அந்த அரிசி எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. என் வீட்டுக்கு அது தேவையும் இல்லை. பத்தாயம் நிறைய நெல், கொல்லையில் கறவை மாடுகள். அந்தத் தை மாதம் எங்களுக்கு மகன் பிறந்தான். பிறந்த வாரமே ஜன்னி கண்டது. வாடகைக் கார் பிடித்து நாகப்பட்டினத்துக்குக் கொண்டு ஓடினோம். சபையார் உபவாசம் இருந்தார்கள். "வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே, இவனை மட்டும் விட்டுவிடும்" என்று கதறினேன். அவர் வீட்டில் ஒரு துரும்பையும் தொடவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டார்.

பிள்ளை போனது மாருக்குத் தெரியுமா? பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. எங்கள் பக்கத்தில் பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பனிக்காலத்தில் மல்லிகைக்கு எங்கே போவது? என் கணவர் ஊர் ஊராக அலைந்து, கேட்ட விலை கொடுத்து வாங்கிவந்தார். மருத்துவச்சி அஞ்சலை தினமும் வந்து கட்டிவிடுவாள். பூ வாடியது, பால் வற்றவில்லை.

சபைப் பெண்கள் நாங்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்போம். அந்த வருஷம் அதைக் காசாக்கி ஏதோ தூர தேசத்துப் பஞ்சத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சபைப் பத்திரிகையில் அந்த தேசத்துப் படம் ஒன்று வந்திருந்தது. எலும்பும் தோலுமாக ஒரு தாய், அவளுடைய வற்றிய மார்பில் ஒரு குழந்தை. படுத்த படுக்கையில் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு வேண்டாத பால் சேலையை நனைக்கிறது. அரிசியையாவது காசாக்கலாம், இதை எப்படி அனுப்புவது? நெய்ச்சோறும் கஷாயமும் வேளைக்கு வரும். அந்தச் சாப்பாட்டின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது. "ஆண்டவரே, இந்தப் பாலை நான் என்ன செய்ய?" வேறு ஜெபமே எனக்கு வரவில்லை.

ஒரு நாள் கட்டை அவிழ்த்துக்கொண்டே அஞ்சலை தன்பாட்டுக்குச் சொன்னாள். "ஒங்களுக்கு வத்த மாட்டேங்குது. கீழத்தெரு செல்லம்மாவுக்குச் சொரக்கவே மாட்டேங்குதும்மா."

செல்லம்மா எங்கள் வயலில் நடவு நட்டவள். அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு அந்தத் தெருவே வேலைக்கு வராமல் நின்றது. மிராசுதார்கள் கூடி, கீழத்தெருவுக்கு ஒரு மணி அரிசி போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். என் கணவரும் அதில் ஒருவர். பட்டினியோடு பட்டினியாகச் செல்லம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அது அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறதாம்.

நான் எழுந்து புடவை மாற்றினேன். பச்சை உடம்போடு எங்கே கிளம்பினாய் என்று கணவர் வாசலில் மறித்தார். சொன்னேன்.

"ஊர்ல நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"பால் கட்டி வலிக்கிறது எனக்குங்க. நாலு பேருக்கு இல்ல."

அவர் விலகி நின்றார். சம்மதம் என்று சொல்ல முடியாது. அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

பட்டப்பகலில் வரப்பு வழியே போனேன். செங்கொடி நட்ட தெருமுனையில் ஆண்கள் எழுந்து நின்றார்கள். யாரும் மறிக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. வந்த காரியத்தைச் சொன்னதும் செல்லம்மா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாலக் குடுத்துட்டு, பழைய கூலிக்கு அறுக்க வரச் சொல்லுவீங்களாம்மா?"

சொல்ல மாட்டேன் என்றேன். என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, பிள்ளையை என் மடியில் போட்டாள். அது வாய் வைத்து இழுத்தபோது எனக்கு உயிர் போய் வந்தது. என் மகன் இழுத்தது போலவே இருந்தது. சந்தோஷம் என்று பொய் சொல்ல மாட்டேன். நெஞ்சு வெடித்தது.

அன்றிலிருந்து தினமும் போனேன். மடியில் செல்லம்மாவுக்கு அரிசியும் கொண்டுபோனேன். மற்ற மிராசுதார் வீட்டுப் பெண்கள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். அறுப்புப் பிந்திக்கொண்டே போனது. கடைசியில் அரைப்படிக்கு முதலில் தலையாட்டியது என் கணவர்தான். நெல் வயலிலேயே கொட்டிப்போகிறதே என்றுதான் ஒப்புக்கொண்டேன் என்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

பிறகு ஒரு காலை, குழந்தை என் மாரில் வாய் வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. செல்லம்மா சங்கடத்தோடு நின்றாள். அவள் மாராப்பு நனைந்திருந்தது. சோறு கண்ட உடம்பில் பால் இறங்கிவிட்டது. ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். பாதி வரப்பில் உட்கார்ந்து, ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்ட என் மகனுக்காக வாய்விட்டு அழுதேன். அடுத்த சில நாட்களில் என் பால் தானாக வற்றியது.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. பத்தாயத்தில் இருப்பது எங்களுக்கு மட்டும் என்று நினைக்க அதன்பின் என்னால் முடிந்ததில்லை. ஒரு பிடியோடு நிறுத்தவும் முடிந்ததில்லை. பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று வேண்டியதற்கு மேல் இருக்கும். அது யாருக்கு என்று அவரிடமே கேளுங்கள். நம்பிக் கேளுங்கள், காட்டுவார். எனக்குக் காட்டினார், அதற்கு நன்றி சொல்கிறேன். என் மகனை ஏன் எடுத்தீர் என்று கேட்டதற்கு மட்டும் அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவரை நேரில் பார்க்கிற அன்றைக்கு, முதலில் அதைத்தான் கேட்பேன்.