பூசைக்குக் கட்டிய ஒற்றை வேட்டி

எங்கள் தோட்டத்திலிருந்து பூசைக்குப் போகிற யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு மலை இறங்குவதில்லை. செருப்பும் சப்பாத்தும் பையில் வரும். லயத்து வரிசை வீடுகளிலிருந்து ரோட்டுக்கு வரும் பாதை மழைக்காலத்தில் செம்மண் குழம்பு, அட்டை வேறு. ரோட்டோரத்தில் தண்ணீர் விழுகிற பீலியில் முழங்கால் வரை கழுவித் துடைத்து, அங்கேதான் சப்பாத்தை மாட்டுவோம். பெண்கள் இடுப்பில் தூக்கிச் செருகிய சேலையை இறக்கி விடுவார்கள். உக்குவளையில் பஸ் ஏறி மாத்தளை வேதக் கோயிலில் போய் நின்றால், எந்த வழியாக வந்தோம் என்பது யாருக்கும் தெரியாது.

"நம்ம கால பாத்து லயத்து ஆளுங்கன்னு யாரும் சொல்லக்கூடாது" என்பாள் அம்மா. வாரம் முழுவதும் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுத்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமை அவள் போடும் முக்காட்டில் ஒரு சுருக்கம் இருக்காது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் நிற்கவும் வராது. பல்லேபொலையில் மிளகு பறித்தேன், தம்புள்ளையில் வெங்காய மூட்டை தூக்கினேன், கொழும்புப் பக்கம் ஒரு காமெண்டில் தையல் மெஷினில் இருந்தேன், பிறகு கட்டிட வேலை. படுக்க இடமில்லாமல் சிமெந்துச் சாக்கின் மேல் படுத்ததும் உண்டு. வேலை தேடிப் போகிறவனுக்கு அதெல்லாம் நடக்கிறதுதான். ஆனால் எந்த ஊரிலும் என் பையின் அடியில் பூசைக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை மடித்திருக்கும். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதில்லை.

போன வருடம் தங்கச்சி மகளுக்கு முதல் நன்மை, பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ வேதக்காரரானாலும் தாய்மாமன் துணி எடுக்கிற வழக்கம் மாறவில்லை. முதல் நன்மைக்குப் பிள்ளை போடுகிற வெள்ளை கவுன் மாமன் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். வேறு ஒருவர் எடுத்துக் கொடுத்தால் மாமன் செத்துவிட்டான் அல்லது கைவிட்டுவிட்டான் என்று அர்த்தம்.

தங்கச்சி போனில் கேட்டாள். "அளவு சொல்லட்டுமா அண்ணே?"

"என் மருமகள எனக்குத் தெரியாதா?" என்றேன்.

போனில் நான் பார்த்ததெல்லாம் அவள் முகத்தை மட்டும்தான். இரண்டு வருடமாக நேரில் பார்க்காத பிள்ளைக்கு, மனசில் இருந்த உயரத்துக்குக் கவுன் எடுத்தேன். நல்ல பருத்தித் துணி, மார்பில் பின்னல் வேலை. கை இல்லை. இப்போது இதுதான் ஓடுகிறது என்றார் கடைக்காரர். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. கூடவே எனக்கொரு எட்டு முழ வேட்டி, மெல்லிய தங்கக் கரை போட்டது. மாமனாக நிற்கிறவன் சிமெந்துக் கறை படிந்த களிசானோடு நிற்க முடியாதே.

சனிக்கிழமை மத்தியானம் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளை வாசலுக்கு ஓடி வந்தாள். என் நெஞ்சு வரைக்கும் இருந்தாள். நான் கவுன் எடுத்த உயரம் இதுவல்ல என்று பார்த்ததுமே தெரிந்தது.

கவுன் உடம்புக்குச் சரியாக இருந்தது, பிள்ளை ஒல்லி. ஆனால் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. தோள் இரண்டும் வெளியே.

"தோளும் முட்டியும் மூடியிருக்கணும்னு வேதப்பாட டீச்சர் படிச்சுப் படிச்சு சொன்னாங்க அண்ணே" என்றாள் தங்கச்சி. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

தங்கச்சி புருஷனின் அக்காவும் அப்போது அங்கே இருந்தார். உக்குவளை டவுனில் குடியிருப்பவர். கையில் ஒரு பை. அதில் அவர் மகள் முன்பு போட்ட கவுன், தோய்த்துத் தேய்த்தது.

"எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன் தம்பி. மாமன் வருவாரோ, எந்த ஊர்ல இருக்காரோன்னு யாருக்குத் தெரியும்?"

"வந்துட்டேனே அக்கா."

"நீங்க வந்துட்டீங்க. கவுன்தான் பாதி வழியில நிக்குது."

தங்கச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை சிரிக்கவில்லை. அத்தை கொண்டுவந்த கவுனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் மாமா கவுனத்தான் போடுவேன்."

"போட்டா கோயில் வாசல்லயே நிப்பாட்டிருவாங்கடி" என்றாள் தங்கச்சி.

நான் வேட்டியை எடுத்து விரித்தேன். எட்டு முழத்தை நடுவில் பிடித்து, நாலு முழமாகக் கிழித்தேன்.

"என்ன அண்ணே பண்றீங்க? நாளைக்கு எதக் கட்டுவீங்க?"

"மிச்சத்த."

பக்கத்து வீட்டில் ஜாக்கெட் தைக்கிற மிதி மெஷின் இருந்தது. கேட்டதும் விட்டார்கள். காமெண்டில் எனக்குக் கொடுத்திருந்த வேலை சுருக்கு வைப்பதுதான். காலையிலிருந்து மாலை வரை அதே சுருக்கு, வேறு எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. பாதித் துணியின் இரண்டு கரையையும் நீளவாக்கில் அகலப் பட்டையாகக் கிழித்து ஒன்றோடொன்று சேர்த்தேன். சுருக்கு வைத்துக் கவுனின் அடியில் பிடித்தபோது தங்கக் கரை கீழே சுற்றிவர ஓடியது. நடுத்துண்டில் முழங்கை வரை இரண்டு கை வெட்டினேன். கை வைப்பது எனக்குச் சரியாக வராது. ஒன்றைப் பிரித்து இரண்டாம் முறை தைக்கவேண்டி வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டேன்.

பிள்ளை போட்டுப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் இறங்கியது. கவுனின் வெள்ளைக்கும் வேட்டியின் வெள்ளைக்கும் சின்ன வித்தியாசம் இருந்தது. அப்படித்தான் வாங்கினோம் என்று சொன்னால் நம்பலாம். அக்கா தன் பையை மடித்துக்கொண்டு, "நாளைக்குக் கோயில்ல பாக்கலாம்" என்று எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை கவுனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நானே தூக்கி வந்தேன். பிள்ளை பழைய சட்டையோடு இறங்கினாள். பீலியில் கால் கழுவி, பக்கத்துக் கடை அறையில் உடுப்பு மாற்றி, முக்காடு வலையைக் குத்தி வெளியே வந்தபோது, கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சிங்கள ஆள் ஒருவர் கிளாஸை வைத்துவிட்டுப் பார்த்தார்.

நாலு முழ ஒற்றை வேட்டி மெல்லிசு. வெயிலில் நின்றால் கால் தெரியும். அதனால் உள்ளே அரைக் களிசான் போட்டிருந்தேன், மேலே அந்த வெள்ளைச் சட்டை. கோயிலுக்குள் நுழையும்போது வேட்டியை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டேன். பிள்ளைகள் கைகூப்பி வரிசையாக நடந்தார்கள். வாசலில் நின்ற டீச்சர் ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பினார். என் மருமகளிடம் வந்ததும் குனிந்து, அடியில் ஓடிய கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போ என்று தலையசைத்தார். நன்மை வாங்கித் திரும்பி வருகையில் அவள் யாரையும் பார்க்கவில்லை. அப்படித்தான் வரவேண்டும். எனக்குத்தான் கண்ணை எடுக்க முடியவில்லை.

பூசை முடிந்து முற்றத்தில் நின்றோம். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒத்த வேட்டியா? மாமன்காரரு எட்டு முழம் கட்ட வேணாமா?"

நான் வாயைத் திறக்குமுன் பிள்ளை கவுனின் அடியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"மிச்ச நாலு முழம் எங்கிட்ட இருக்கு அத்த."

அக்கா தையலை உற்றுப் பார்த்தார். "ஒரு கை கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றார். பிறகு, "அடிச் சுருக்கு நல்லா வந்திருக்கு" என்றும் சொன்னார்.

திரும்பும்போது பீலியடியில் சப்பாத்தைக் கழற்றினோம். பழைய சட்டைக்கு மாறச் சொன்னால் மருமகள் கேட்கவில்லை. கவுனை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மலை ஏறினாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன். லயத்து வாசல் வரைக்கும் கரையில் ஒரு சொட்டுச் சேறு படவில்லை.